மடிக்கணனி வாங்கப் போகிறீர்களா? திரை, சேமிப்பகம், இறுவட்டு டிரைவ்: எதற்குக் காசு கொடுப்பது?

புதிய மடிக்கணனி ஒன்றை வாங்குவதற்கு முன்னர் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் வியாபார சகோதரர்கள் அநேகர். பெரும்பாலும் அவர்களது கையில் கணனிக் கடையொன்றில் வாங்கிய குவோட்டேசன் இருக்கும். மேலே கம்பனியின் பெயர், கீழே விலை, நடுவில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் இலக்கங்கள். விலையை மட்டும் வாசித்துவிட்டு நடுவிலுள்ளதை விற்பனையாளரின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். பருப்பு மூடை வாங்கும்போது கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்க்காமல் காசு கொடுக்காத நாம், அதைவிடப் பல மடங்கு பெறுமதியான கணனி விடயத்தில் மூடையின் வெளிப்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.

இன்று அந்த நடுப்பகுதியில் மூன்று விடயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று திரை. இரண்டு, கணக்குகளும் ஆவணங்களும் பதியப்படும் சேமிப்பகம். மூன்று, சீ.டி., டீ.வீ.டி. போடும் டிரைவ். வியாபாரிகள் வீணாகக் காசு கொடுப்பதும், கொடுக்க வேண்டிய இடத்தில் சிக்கனம் பார்த்துப் பின்னர் கவலைப்படுவதும் இந்த மூன்றில்தான் அதிகம்.

இவற்றில் எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பதைத் தீர்மானிக்க நான் ஓர் இலகுவான அளவுகோலைப் பாவிக்கிறேன். வாங்கிய பின்னர் மாற்ற முடியாதது எது? மாற்றக் கூடியது எது? வெளியிலிருந்து பொருத்திக்கொள்ளக் கூடியது எது? திரை, கணனியின் ஆயுள் முடியும் வரை உங்களோடு இருக்கும். சேமிப்பகத்தை அநேக கணனிகளில் பின்னர் மாற்றலாம். ஆனால் அதற்குள் இருக்கும் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இறுவட்டு டிரைவை எப்போது வேண்டுமானாலும் வெளியிலிருந்து பொருத்தலாம். இந்த வரிசையை மனதில் வைத்தால் தீர்மானங்களில் பாதி முடிந்துவிடும்.

திரை: தினமும் பார்க்கப் போவது

திரையின் அளவு மூலைக்கு மூலை குறுக்காக அளக்கப்படுகிறது. சந்தையில் அதிகமாகக் கிடைப்பவை 14 அங்குலமும் 15.6 அங்குலமும் ஆகும். 16 அங்குலமும் இப்போது பரவலாக வந்துள்ளது. பெரியதுதான் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. மடிக்கணனி கடை மேசையை விட்டு நகராது என்றால் 15.6 அல்லது 16 எடுக்கலாம். கண்டிக்கும் காத்தான்குடிக்கும் பஸ்ஸில் கொண்டு திரிந்து ஓடர் எடுப்பவருக்கு 14 அங்குலமே போதும், தோளும் நோகாது.

அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. 15.6 அங்குலக் கணனிகளில் பெரும்பாலும் விசைப்பலகையின் வலது பக்கத்தில் இலக்கங்களுக்கான தனிப்பகுதி இருக்கும். 14 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்காது. நாள் முழுவதும் பில் தட்டும் கிளாக்கருக்கு அந்த இலக்கப் பகுதி பெரிய உதவி. அது இல்லாத கணனியை வாங்கினாலும் யூ.எஸ்.பி. மூலம் பொருத்தும் சிறிய இலக்கப்பலகை குறைந்த விலையில் கிடைக்கிறது. ஆகவே இதற்காக மட்டும் பெரிய கணனியைத் தூக்கத் தேவையில்லை.

அடுத்தது, திரையில் எத்தனை புள்ளிகள் என்பது. விலை குறைந்த கணனிகளிலும் பழைய கணனிகளிலும் 1366க்கு 768 என்ற இலக்கத்தைக் காணலாம். அதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். எக்செல் கணக்குத் தாளைத் திறந்தால் பாதியை மேலும் கீழும் தள்ளித்தான் பார்க்க வேண்டி வரும். 1920க்கு 1080 என்பது இன்றைக்குக் குறைந்தபட்ச அளவு. 1920க்கு 1200 கிடைத்தால் இன்னும் நல்லது. அகலம் ஒன்றே, உயரத்தில் 120 புள்ளிகள் கூடுதல். கணக்குத் தாளில் நான்கைந்து வரிகள் அதிகமாகத் தெரியும். அதற்கு மேல் போய் 4கே எனப்படும் மிக நுண்ணிய திரைக்குக் காசு கொடுப்பது நமது வேலைக்கு வீண். சிறிய திரையில் அந்த நுணுக்கம் கண்ணுக்குத் தெரிவது குறைவு; பற்றரி மட்டும் சீக்கிரம் இறங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்குப் பற்றரியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, திரையின் வகை. டீ.என். என்றொரு வகை உண்டு. நேரே இருந்து பார்த்தால் ஒழுங்காகத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தால் நிறம் வெளுத்துப் போகும், சாய்த்தால் கறுத்துப் போகும். ஐ.பி.எஸ். என்ற வகையில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் படம் மாறாது. வீட்டில் தனியாக இருந்து பாவிப்பவருக்கு இது சிறிய விடயமாக இருக்கலாம். ஆனால் வியாபாரி திரையைத் திருப்பி எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்கு டிசைன் காட்டுபவர். ஐ.பி.எஸ். என்று குவோட்டேசனில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் கடையிலேயே கணனியைத் திறந்து, பக்கவாட்டில் நின்று பாருங்கள். அரை நிமிட வேலை.

நான்காவது வெளிச்சம். இது நிட்ஸ் என்ற அலகில் சொல்லப்படும். விலை குறைந்தவற்றில் பொதுவாக 250 நிட்ஸ் அளவில் இருக்கும். மூடிய அறைக்குள் அது போதும். ஆனால் நமது கடைகளில் பல, முகப்பு முழுவதும் வீதிக்குத் திறந்தவை. பகல் பன்னிரண்டு மணி வெயில் உள்ளே விழும்போது திரையில் உங்கள் முகம்தான் தெரியும், கணக்குத் தெரியாது. அப்படியான கடைக்கு 300 நிட்ஸாவது வேண்டும். 400 கிடைத்தால் நிம்மதி. கண்ணாடி போல் மினுங்கும் திரையை விட, மினுக்கம் இல்லாத மங்கல் பூச்சுள்ள திரையே கடைக்கு உகந்தது. தொடுதிரைகள் பெரும்பாலும் மினுங்குபவை, விலையும் கூட. பில் போடும் வேலைக்குத் தொடுதிரை அவசியமில்லை.

ஐந்தாவது நிறம். இது எல்லோருக்கும் தேவையில்லை, சிலருக்குக் கட்டாயம் தேவை. குவோட்டேசனில் 45 வீதம் என்.டீ.எஸ்.சீ. என்று இருந்தால் அத்திரை நிறங்களைக் குறைத்துத்தான் காட்டும். 100 வீதம் எஸ்.ஆர்.ஜீ.பீ. என்று இருந்தால் நிறம் பெருமளவுக்கு உள்ளபடி தெரியும். சீமெந்து, இரும்பு விற்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பேருவளை சீனன்கோட்டையிலிருந்து நீலக்கல்லின் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும் சகோதரருக்கு நிறம்தான் விலை. மருதமுனைக் கைத்தறிச் சாரியை முகநூலில் படம் போட்டு விற்பவருக்கும் அப்படியே. தவறான திரையைப் பார்த்துப் படத்தைத் திருத்தி அனுப்பினால், பொருள் போய்ச் சேர்ந்த பின்னர் “படத்தில் இருந்த நிறம் இதுவல்லவே” என்று திரும்பி வரும். கூரியர் செலவோடு நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

ஓ.எல்.ஈ.டீ. என்ற திரைகள் இப்போது நடுத்தர விலைக் கணனிகளிலும் வருகின்றன. நிறமும் கறுப்பும் மிக அழகு. படம், வீடியோ வேலை செய்வோருக்கு நல்ல தெரிவு. ஆனால் ஒரே பில்லிங் திரையைக் காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை அசையாமல் காட்டிக்கொண்டிருக்கும் கடைக் கணனிக்கு அது பொருத்தமல்ல. ஒரே படம் வருடக் கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் படிந்துவிடக் கூடும்.

சேமிப்பகம்: காசு போட வேண்டிய இடம்

பழைய முறையான ஹார்ட் டிஸ்க் என்பது, உள்ளே உலோகம் அல்லது கண்ணாடியாலான தட்டுக்கள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல, அதன் மேல் மயிரிழை இடைவெளியில் ஒரு முனை நகர்ந்து வாசிக்கும் இயந்திரம். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் அந்த முனை தட்டில் முட்டிவிடும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் பாகம் எதுவுமில்லை. எல்லாம் மின்சில்லுகள். தட்டினாலும் குலுங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

வேகத்தில் உள்ள வித்தியாசம் இன்னும் பெரிது. மடிக்கணனி ஹார்ட் டிஸ்க் செக்கனுக்குச் சுமார் 100 மெகாபைட் வாசிக்கும். சாட்டா எனப்படும் இணைப்பிலுள்ள எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட்டுக்கு மேல் வாசிக்கும். என்.வீ.எம்.ஈ. எனப்படும் வகை அதையும் தாண்டி 3000, அதற்கு மேலும் போகும். ஆனால் இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது கடைக்காரருக்கு வித்தியாசம் முதல் நாளே தெரியும். கணனி திறந்து தேநீர் ஆறுவதற்குள் பில் போடலாம். ஒரு எஸ்.எஸ்.டி.யிலிருந்து அதைவிட வேகமான இன்னொன்றுக்கு மாறுவது பில் போடும் வேலையில் தெரியாது. ஆகவே எஸ்.எஸ்.டி. கட்டாயம்; அதற்குள் மிக வேகமானதற்குக் கூடுதல் காசு கொடுப்பது, வீடியோ வெட்டித் தொகுக்கும் வேலை செய்வோருக்கு மட்டும்.

மிக மலிவான கணனிகளில் ஈ.எம்.எம்.சீ. என்று எழுதியிருந்தால் உஷாராகுங்கள். அது கைத்தொலைபேசியில் வருவது போன்ற, தாய்ப்பலகையோடு ஒட்டிய சேமிப்பகம். பெரும்பாலும் 64 அல்லது 128 ஜி.பீ. தான் இருக்கும். வின்டோஸ் 11க்கே குறைந்தது 64 ஜி.பீ. வேண்டும் என்று மைக்ரோசொப்ட் கூறுகிறது. வின்டோஸ் குடியேறிய பின்னர் உங்கள் கணக்குக்கு வாடகைக்குக் கூட இடமிருக்காது. அதைக் கழற்றி மாற்றவும் முடியாது.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும்? இதை ஊகிக்காமல் கணக்குப் பார்க்கலாம். கைத்தொலைபேசியில் எடுத்த படம் ஒன்று 3 முதல் 5 மெகாபைட் என்று வைத்தால் ஆயிரம் படங்கள் 3 முதல் 5 ஜி.பீ. சிறு கடையின் கணக்குக் கோப்பு வருடக் கணக்கில் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு சில ஜி.பீ.க்குள் அடங்கும். பில், கணக்கு, வங்கிக் கூற்று, ஸ்கேன் செய்த ஆவணங்கள் என்று மட்டும் இருந்தால் 256 ஜி.பீ. போதும். பொருட்களின் படங்களும் வீடியோக்களும் சேர்ந்தால் 512 ஜி.பீ. எடுங்கள். அநேகமான வியாபாரிகளுக்கு இதுவே சரியான அளவு.

சிலர் கடையின் பாதுகாப்புக் கெமரா வீடியோக்களையும் மடிக்கணனியில் சேர்த்து வைக்க விரும்புகிறார்கள். செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கெமரா, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21 ஜி.பீ. பதியும். நான்கு கெமரா என்றால் 86 ஜி.பீ. 512 ஜி.பீ. முழுவதும் ஒரு வாரத்துக்குப் போதாது. அதற்கென்றுள்ள பதிவுப் பெட்டியும் அதற்குள் போடும் பெரிய ஹார்ட் டிஸ்குமே அந்த வேலைக்கு உரியவை. ஹார்ட் டிஸ்க் மலிவாகப் பெரிய கொள்ளளவைத் தரும். அதன் இடம் இனி மடிக்கணனிக்குள் அல்ல, வெளியே.

இன்னொரு விடயம். 512 ஜி.பீ. என்று வாங்கிய கணனி வீட்டுக்கு வந்து திறந்தவுடன் 476 என்று காட்டும். “தம்பி, 36 ஜி.பீ. களவு போய்விட்டதே” என்று ஒரு ஹாஜியார் என்னிடம் கோபத்தோடு வந்தார். “ஹாஜியார், யாரும் நிறுவையில் கைவைக்கவில்லை” என்று அமைதிப்படுத்தினேன். உற்பத்தியாளர் ஆயிரத்தின் பெருக்கமாக எண்ணுகிறார், வின்டோஸ் 1024இன் பெருக்கமாக எண்ணுகிறது. ஒரே பொருளை ஒருவர் கிலோவிலும் மற்றவர் இறாத்தலிலும் நிறுத்துச் சொல்வது போன்றது இது. 256 என்பது 238 ஆகவும், 1 ரெராபைட் என்பது 931 ஜி.பீ. ஆகவும் தெரியும். அதுவன்றி, அறிமுகமில்லாத பெயரில் மிக மலிவாக 2 ரெராபைட் என்று விற்கப்படும் பென் டிரைவ்களைக் கண்டால்தான் நிறுவையைச் சந்தேகிக்க வேண்டும். அவற்றில் பல போலியானவை. சொன்ன அளவைக் காட்டும். எழுதத் தொடங்கினால் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும்.

வாங்குவதற்கு முன்னர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “பின்னர் எஸ்.எஸ்.டி.யைப் பெரிதாக மாற்றலாமா? இரண்டாவது போட இன்னொரு இடம் இருக்கிறதா?” ஆம் என்றால் இன்று நடுத்தர அளவை எடுத்து, தேவை வரும்போது கூட்டலாம். இல்லையென்றால் இன்றே ஒரு படி மேலே போவது நல்லது.

சேமிப்பகத்தின் விலையும் சீனி, பருப்பு விலை போன்று உலகச் சந்தையோடு ஏறி இறங்குவது. 2011 ஒக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகளுக்குள் நீர் புகுந்தபோது, சில வாரங்களுக்குள் உலகெங்கும் விலை தாவியது. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் கேள்வி காரணமாக நினைவகச் சில்லுகளின் விலை மீண்டும் ஏறியது. நமக்கு இதோடு டொலரும் சேர்ந்துகொள்கிறது. 2022இல் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. ஆகவே, பழைய குவோட்டேசனை வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று கடைகளில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறுவட்டு டிரைவ்: உள்ளே வேண்டாம், வெளியே இருக்கட்டும்

“சீ.டி. போடும் இடமே இல்லையே, இதெல்லாம் என்ன கணனி?” என்று கேட்கும் மூத்த வியாபாரிகள் இன்றும் உள்ளனர். அவர்களது கேள்வியில் நியாயம் உண்டு. அலுமாரியில் பழைய கணக்குகள் சீ.டி.யில் கிடக்கின்றன. பிள்ளையின் கல்யாண வீடியோ டீ.வீ.டி.யில் இருக்கிறது. வைத்தியசாலையில் எடுத்த ஸ்கேன் படத்தை சீ.டி.யில் போட்டுக் கையில் தருகிறார்கள். பழைய பிரின்டரின் மென்பொருள் அதோடு வந்த இறுவட்டில் உள்ளது.

ஆனால் உலகம் அதை விட்டுப் போய்விட்டது. 2008இல் அப்பிள் கம்பனி தனது மெல்லிய மடிக்கணனியை இறுவட்டு டிரைவ் இல்லாமல் வெளியிட்டபோது பலர் சிரித்தார்கள். பின்னர் மற்றக் கம்பனிகளும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கே வந்தன. இன்றைய புதிய மடிக்கணனிகளில் இறுவட்டு டிரைவ் உள்ளதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டுப் பாவனைக்கான, பதியக்கூடிய புளூரே வட்டுக்களின் உற்பத்தியை சோனி 2025 பெப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது. 1982இல் சீ.டி.யைச் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பனிகளுள் ஒன்று சோனி என்பது குறிப்பிடத்தக்கது.

இதில் நமது வியாபாரிகள் விழும் குழி ஒன்று உண்டு. டீ.வீ.டி. டிரைவ் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பாவித்த பழைய மடிக்கணனியை வாங்குவது. டிரைவ் உள்ளிருக்கும் கணனி என்றால் அது பெரும்பாலும் பல வருடங்கள் பழையது. வின்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால், இன்டெல் கணனியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். டிரைவுக்கு ஆசைப்பட்டு, வங்கிக் கணக்கு பார்க்கும் கணனியைப் பாதுகாப்புக் குறைந்ததாக ஆக்கிக்கொள்வது எந்த வகையில் இலாபம்?

தீர்வு இலகுவானது. யூ.எஸ்.பி. மூலம் பொருத்தும் மெல்லிய டீ.வீ.டி. ரைட்டர் ஒன்றை வாங்கி லாச்சியில் வையுங்கள். சீ.டி.யும் வாசிக்கும், டீ.வீ.டி.யும் வாசிக்கும், எழுதவும் செய்யும். கடைக்கு ஒன்று போதும். எந்தக் கணனியிலும் பொருத்தலாம். அடுத்த கணனி வாங்கும்போதும் அதுவே உதவும். மின்சாரத்தை யூ.எஸ்.பி. வழியாகவே எடுத்துக்கொள்வதால் தனி அடெப்டர் வேண்டியதில்லை. கணனியில் புதிய சிறிய வகை யூ.எஸ்.பி. துவாரம் மட்டும் இருந்தால் அதற்கேற்ற கேபிளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். புளூரே டிரைவுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஏற்கனவே உங்களிடம் டிரைவ் உள்ள பழைய கணனி இருந்தால், அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கெடி எனப்படும் சட்டத்தின் மூலம் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு, அக்கணனியைக் களஞ்சிய வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டிரைவ் வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அலுமாரியிலுள்ள இறுவட்டுக்களைப் பிரதியெடுப்பது. நாமே பதிந்த சீ.டி.யில் தகவல், ஒரு சாயப் படையில்தான் பதிந்திருக்கிறது. வெளிச்சம், சூடு, ஈரப்பதன் மூன்றும் அதன் எதிரிகள். மூன்றுக்கும் நமது நாட்டில் குறைவில்லை. இன்று வாசிக்கும் வட்டு அடுத்த வருடம் வாசிக்காமல் போகலாம். ஒரு சீ.டி. 700 மெகாபைட். நூறு சீ.டி. இருந்தாலும் 70 ஜி.பீ. தான், ஒரு வெளி ஹார்ட் டிஸ்கின் ஒரு மூலையில் அடங்கிவிடும். டீ.வீ.டி. ஒன்று 4.7 ஜி.பீ. முதலில் கணக்கும் காணி உறுதிப் பிரதிகளும், பிறகு கல்யாண வீடியோ என்று வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். வாசிக்க மறுக்கும் வட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். அதற்கும் மசியாவிட்டால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று வாசிக்காததை மற்றொன்று வாசிப்பதுண்டு.

கணனிக்கு விலையுண்டு, கணக்குக்கு இல்லை

எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் நல்ல எஸ்.எஸ்.டி. உள்ள நல்ல கணனியையே வைத்திருந்தார். நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு காலையில் அது திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போவதற்கு முன்னர் சில நேரம் கிறீச்சிடும், மந்தமாகும், ஓர் எச்சரிக்கையாவது தரும். எஸ்.எஸ்.டி. பல வேளைகளில் சத்தமின்றியே நின்றுவிடும். நூற்றுக்கு மேற்பட்ட சில்லறைக் கடைக்காரர்களின் கடன் கணக்கு அதற்குள் இருந்தது. கொடுத்தவர், கொடுக்காதவர், பாதி கொடுத்தவர் எல்லாம் மனிதர்களின் ஞாபகத்துக்குப் போய்விட்டது. “நானா, நான் இவ்வளவுதான் தர இருக்கு” என்று நேர்மையாக வந்தவர்கள் பலர். வராதவர்களிடம் கேட்பதற்கு அவரிடம் கடதாசி இல்லை. வந்தவர்களிலும் சிலரது தொகை அவரது ஞாபகத்தோடு ஒத்துப்போகவில்லை. பணத்தைவிட, இருபது வருடப் பழக்கமுள்ள மனிதர்களைச் சந்தேகத்தோடு பார்க்க நேர்ந்ததே அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்க வேண்டும் என்பது நமது சமூகத்துக்குப் புதிய பாடமல்ல. எழுதியதைக் காத்து வைப்பதும் அதன் ஒரு பகுதிதான்.

ஆகவே, சேமிப்பகத்துக்கென ஒதுக்கும் காசில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றின் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். உலகில் பலரும் கைக்கொள்ளும் முறை இது: முக்கியமான தகவலுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். கணனியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ ஒன்று. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பீ. இடமே சிறு கடையின் கணக்குக்குப் போதும்.

வேறோர் இடம் என்பதை இலேசாக எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கல்முனைக் கரையோரத்தில் கடைகளோடு கணக்குக் கொப்பிகளும் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் பல மாவட்டங்களில் கடைகளையும் வீடுகளையும் மூடின. கணனியும் அதன் பிரதியும் ஒரே லாச்சியில் இருந்தால், வெள்ளத்துக்கு அது ஒரே பிரதிதான். அத்தோடு, பிரதியெடுத்தவுடன் வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். கோப்புக்களைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வைரஸ்கள், அந்நேரம் பொருத்தியிருக்கும் அனைத்தையும் சேர்த்தே பூட்டும்.

இன்னொரு முக்கியமான விடயத்தையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். வின்டோஸ் 11 உள்ள அநேகமான புதிய கணனிகளில், மைக்ரோசொப்ட் கணக்கொன்றைக் கொண்டு ஆரம்பித்தவுடன் சேமிப்பகம் தானாகவே இரகசியக் குறியாக்கம் செய்யப்படுகிறது. கணனி களவு போனால் இது நல்ல பாதுகாப்பு. ஆனால் சில திருத்த வேலைகளுக்குப் பின்னர் கணனி 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி, ஆரம்பிக்கும்போது கொடுத்த மின்னஞ்சலுக்குரிய கணக்கில்தான் இருக்கும். கடையில் வேலை செய்யும் பையனின் மின்னஞ்சலைக் கொடுத்து ஆரம்பித்தால், அவன் வேலையை விட்டுப் போகும் நாளில் உங்கள் கணக்கின் சாவியும் அவனோடு போகும். உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். அந்த 48 இலக்கங்களைக் கடதாசியில் எழுதி, காணி உறுதி வைக்கும் இடத்தில் வையுங்கள்.

காசு எண்ணிக் கொடுப்பதற்கு முன்னர்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ, எங்கே வாங்கினாலும் பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். திரை முழுவதும் வெள்ளையாகவும், பின்னர் கறுப்பாகவும் வரச் செய்து, எரியாத அல்லது அணையாத புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கணனியை வாசல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். சேமிப்பகத்தின் வகையும் அளவும் குவோட்டேசனில் உள்ளது போன்றே இருக்கின்றனவா என்று வின்டோஸுக்குள் காட்டச் சொல்லுங்கள். பாவித்த கணனியாயின், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் அந்த எஸ்.எஸ்.டி. எத்தனை மணித்தியாலம் ஓடியது, ஆரோக்கியம் எத்தனை வீதம் என்று காட்டும். வாகனம் வாங்கும்போது மீட்டர் பார்ப்பது போன்றது இது. பற்றுச்சீட்டில் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும். திரைக்கும் சேமிப்பகத்துக்கும் உத்தரவாதம் எத்தனை வருடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கணனி வந்த வாரத்திலேயே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நமது கடைகளில் பல, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நண்பகலில் மூடப்படுகின்றன. கதவை இழுப்பதற்கு முன்னர் வெளி ஹார்ட் டிஸ்கைப் பொருத்தி அந்த வாரக் கணக்கைப் பிரதியெடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. பிறகு அதைக் கழற்றி, சட்டைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள்.